ஒரு பாட்டுக்கு லேப்டாப் மயங்கி விழுந்த கதை தெரியுமா?

ஒரு பாட்டைப் போட்டதும் லேப்டாப் அப்படியே படுத்துவிடும் என்றால் நம்புவீர்களா? வைரஸ் இல்லை, கெட்டுப்போன ஃபைல் இல்லை. வெறும் பாட்டு! ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்'. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு லேப்டாப் நிறுவனம் இந்தப் புகாரை எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பாட்டு ஓடிய லேப்டாப் படுத்தது. சரி, போகட்டும். பக்கத்தில் தன் பாட்டுக்குச் சும்மா இருந்த இன்னொரு லேப்டாப்பும் சேர்ந்து படுத்தது! அந்தப் பாட்டில் வரும் ஒரு ஒலி, நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் அந்த வகை ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டதாம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி விட்டால் எங்கே போய் நிற்கும்? அதே கதைதான். நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அந்த ஒலியை மட்டும் வடிகட்டி எறியும் ஒரு துண்டு மென்பொருளை உள்ளே செருகிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் 2022-ல் இந்தக் கதையை எழுதினார். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் முறையான பதிவு எண்கூட இந்த விவகாரத்துக்கு ஒன்று இருக்கிறது!

எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கம்ப்யூட்டர். இன்னொன்று, இதுவரை கேட்டே இராத ஊர்களின் பாட்டு. இரண்டும் வேறு வேறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. தோண்டத் தோண்ட இரண்டும் ஒரே கிணற்றில்தான் ஊறுகின்றன.

கம்ப்யூட்டர் எந்தக் காலத்திலேயே பாடிவிட்டது தெரியுமா? 1951-லேயே! டிரான்சிஸ்டர் ரேடியோகூடக் கடைக்கு வராத காலம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பின்னாளில் சைராக் என்று பெயர் பெற்ற ஒரு ராட்சத இயந்திரம் 'கர்னல் போகி' அணிவகுப்பு மெட்டை ஊதியது. யாரும் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். என்ன அநியாயம் பாருங்கள்!

பதிவாகிக் கிடைப்பது அதே வருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பாடியது. அங்கிருந்த ஃபெரான்டி இயந்திரத்தில் 'ஹூட்டர்' என்று ஓர் ஒலிபெருக்கி. வேலை முடிந்தால் சத்தம் கொடு, தகராறு என்றால் சத்தம் கொடு, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். கட்டளை ஒருமுறை ஓடினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதையே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஓடவிட்டால்? டிக்டிக்டிக் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்வரமாகிவிடும்! கணித மேதை ஆலன் டூரிங் அந்த இயந்திரத்துக்காகத் தான் எழுதிய கையேட்டிலேயே இந்த வித்தையைச் சொல்லி வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டாக்கியவர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி. அப்போது அவருக்கு என்ன வேலை தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்! ஒரு ராத்திரி முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். அவருடைய நிரல் ஓடி முடிந்ததும் அது பிரிட்டனின் தேசிய கீதத்தைப் பாடியது.

பிபிசி வந்து பதிவு செய்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் இயந்திரம் முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது, ஒரு பெண் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் தட்டில் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு சரியான வேகத்தில் ஓடவில்லை, சுருதி பிசகிவிட்டது. 2016-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் அதைச் சரிசெய்த விதம் இருக்கிறதே, அபாரம்! அந்த இயந்திரத்தால் எல்லாச் சுருதியையும் துல்லியமாக எழுப்ப முடியாது, சில ஸ்வரங்கள் கொஞ்சம் தள்ளித்தான் விழும். எவ்வளவு தள்ளி விழும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் குறையையே அளவுகோலாக வைத்துத் தட்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார்கள். அபஸ்வரம்தான் சாட்சி சொல்லிக் காப்பாற்றியது!

ஸ்பீக்கரே இல்லாத கம்ப்யூட்டர் பாடியது தெரியுமா? 1975. ஆல்டேர் 8800 என்ற பெட்டி. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், மினுக்கும் விளக்குகள். ஸ்டீவ் டாம்பியர் என்பவர் பக்கத்தில் ஒரு ரேடியோ வைத்திருந்தபோது கவனித்தார்: கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போதெல்லாம் ரேடியோ கரகரக்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? ரேடியோவைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்போம். அவர் எந்தக் கணக்குக்கு எந்தக் கரகரப்பு என்று பட்டியல் போட்டார்! கலிஃபோர்னியாவின் ஹோம்புரூ என்ற கம்ப்யூட்டர் ஆர்வலர் கிளப் கூட்டத்துக்கு வந்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரலை ஏற்றி, ரேடியோ வழியாக பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை இசைக்க வைத்தார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அடுத்து 'டெய்சி பெல்'.

ஏன் டெய்சி? அதற்குப் பின்னால் ஒரு கதை. 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் இயந்திரம் ஒன்று தன் சொந்தக் 'குரலில்' பாடிய பாட்டு அது. பின்னணி இசையை அமைத்தவர் மேக்ஸ் மேத்யூஸ். அங்கே நண்பரைப் பார்க்க வந்த ஓர் எழுத்தாளர் அதைக் கேட்டு அசந்துபோனார். ஆர்தர் சி. கிளார்க்! கொழும்பில் குடியேறி, 2008-ல் கண்மூடும்வரை இலங்கைவாசியாகவே வாழ்ந்தாரே, அவரேதான். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் ஹால் என்ற கம்ப்யூட்டரின் நினைவை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, அது குழந்தை மாதிரி ஒரு பாட்டு முனகிக்கொண்டே அணைந்துபோகுமே, அது டெய்சி பெல்தான்.

இன்னும் கேளுங்கள். மென்பொருளை ரேடியோவில் ஒலிபரப்பிய நாடு தெரியுமா? 1983-ல் யூகோஸ்லாவியா! பெல்கிரேடு வானொலியில் 'வென்டிலேட்டர் 202' என்ற நிகழ்ச்சி. பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் நிரல் வருகிறது என்பார். கீய்ய்ய் என்று காதைக் கிழிக்கும் சத்தம் வரும். வீட்டில் நேயர்கள் அதை கேசட்டில் பதிவு செய்வார்கள், அந்த கேசட்டை கம்ப்யூட்டரில் மாட்டினால் விளையாட்டு ஓடும். வைஃபை வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னால் கம்பியில்லா டவுன்லோடு!

இப்போது என்னை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். கையில் 3 புளியங்கொட்டையும் 5 சோழியும் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை என்றால் தட்டு, சோழி என்றால் மௌனம். எட்டையும் எவ்வளவு சமமாகப் பரப்ப முடியுமோ அவ்வளவு சமமாகப் பரப்ப வேண்டும். முதலில் ஒவ்வொரு கொட்டைக்குப் பின்னாலும் ஒரு சோழி. மூன்று ஜோடி ஆயிற்று, இரண்டு சோழி மிச்சம். அந்த இரண்டையும் முதல் இரண்டு ஜோடிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். என்ன கிடைத்தது? மூன்று, மூன்று, இரண்டு. வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. தகிட தகிட தக. இதுதான் கியூபா நாட்டுப் பாட்டுகளின் முதுகெலும்பான 'திரெசியோ' தாளம்!

கொட்டை 5, சோழி 3 என்று மாற்றிப் பரப்பினால் 2, 1, 2, 1, 2. அதற்கும் கியூபாவில் பெயர் உண்டு: 'சின்கியோ'. மிச்சத்தை மறுபடி பங்கு போடும் இந்த முறை எங்கே கேட்ட மாதிரி இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கச் செய்தோமே, அதேதான். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதி வைத்த வழி! 2005-ல் காட்ஃப்ரீட் டூசான் என்ற கணினி அறிவியலாளர்தான் இதைப் போட்டு உடைத்தார்: யூக்ளிட் கணக்கில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டால், உலகத்தின் எத்தனையோ நாட்டுத் தாளங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுகின்றன. அவருக்கு இது எங்கே மாட்டியது தெரியுமா? இசைப் புத்தகத்தில் இல்லை! அமெரிக்காவில் நியூட்ரான் கற்றையை உண்டாக்கும் ஓர் இயந்திரத்துக்கு, துடிப்புகளை எப்படிச் சமமாகப் பரப்புவது என்று பொறியாளர் ஒருவர் எழுதிய நிரலில்!

முடியவில்லை, உட்காருங்கள். 12-க்குள் 7 தட்டைப் பரப்புங்கள். தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் கிடைப்பது 2, 2, 1, 2, 2, 2, 1. கானா, டோகோ பக்கம் எவே மக்கள் இரட்டை மணியில் விடாமல் அடிக்கும் தாளம் இது. ஒரு ராத்திரி இதைப் பத்து வரி பைத்தான் நிரலாக எழுதி ஓடவிட்டு, எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த 2, 2, 1-ஐ எங்கோ பார்த்திருக்கிறேனே... எழுந்துபோய்ப் பழைய ஆர்மோனியத்தைத் திறந்தேன். ஸ்தாயிக்கு 12 கட்டை. அதில் வெள்ளை 7. ஸ-விலிருந்து ரி இரண்டு தள்ளி, க இரண்டு தள்ளி, ம ஒன்று, ப இரண்டு, த இரண்டு, நி இரண்டு, மேல் ஸ ஒன்று. சங்கராபரணம்! ஆப்பிரிக்க மணிக்காரர் காலத்தில் விடும் இடைவெளியும், நம் சங்கராபரணம் சுருதியில் விடும் இடைவெளியும் எண்ணுக்கு எண் ஒன்று. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. பன்னிரண்டில் ஏழைப் பரப்பினால் இப்படித்தான் பரவும், அவ்வளவுதான். எனக்குத்தான் கை நடுங்கியது.

ராகமும் இயந்திரமும் நேருக்கு நேர் சந்தித்த கதையும் உண்டு. 1982-ல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணு இசை இயந்திரங்கள் மூன்றை இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தள்ளி இசைத்தட்டாக்கினார். அதில் யமன் உண்டு, நம் கல்யாணிக்கு உறவு. மால்கவுன்ஸ் உண்டு, அது நம் ஹிந்தோளம். யாரும் சீந்தவில்லை. ஐந்து வருடம் கழித்து சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு புது இசை பிறந்ததாக உலகம் கொண்டாடியது. அதே இயந்திரம், ஏறக்குறைய அதே ஒலி! 2010-ல் அந்தத் தட்டு மறுபடி வெளிவந்த பிறகுதான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதிலுள்ள பைரவ் ராகத் துண்டை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், பேசலாம்.

இயந்திரமே இல்லாமல், ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் பாடுவார்கள், தெரியுமா? சைபீரியாவின் தென்கோடியில் துவா. அடித்தொண்டையில் தம்புரா மாதிரி ஒரு சுருதி அசையாமல் நிற்கும், அதன் தலைக்கு மேல் விசில் மாதிரி இன்னொன்று மெட்டுப் போடும். இதை ஒலி நிறமாலை காட்டும் இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். நாம் பேசினால் திரையில் ஏணிப்படி மாதிரி கோடுகள் வரும். துவாக்காரர் பாடும்போது அந்த ஏணியில் ஒரே ஒரு படி மட்டும் பளீரென்று எரிகிறது. அடுத்த நொடி அது அணைந்து மேல்படி எரிகிறது. நாக்கையும் உதட்டையும் அசைத்து அவர் படிகளைத் தேர்ந்தெடுக்கிறார்! நான் உருகிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து அம்மா: "டேய், குக்கர் எத்தனை விசில்டா வந்துச்சு? அடுப்ப அணைக்க மாட்டியா?"

அமெரிக்காவில் பால் பெனா என்று ஒரு ப்ளூஸ் பாடகர் இருந்தார். கண் தெரியாதவர். 1984 கடைசியில் ஒரு ராத்திரி சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது, மாஸ்கோ வானொலியில் இந்தத் துவாக் குரல் சிக்கியது. கற்றுத் தர ஆள் கிடையாது. தானே தொண்டையைப் பழக்கினார். மொழி? துவா மொழிக்கு அப்போது ஆங்கில அகராதி இல்லை. துவா-ரஷ்ய அகராதி ஒன்று, ரஷ்ய-ஆங்கில அகராதி ஒன்று. இரண்டையும் ஆப்டகான் என்ற கருவியால் படித்தார். அச்செழுத்தின் மேல் சின்னக் கேமராவை ஒரு கையால் நகர்த்தினால், மறுகை விரலடியில் ஊசிமுனைகள் அதிர்ந்து அந்த எழுத்தின் வடிவத்தை வரையும். ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு அகராதி வழியாக, ஒரு மொழி! 1995-ல் துவாவுக்கே போய், அவர்கள் மேடையில், அவர்கள் மொழியில் பாடி, ஆழ்ந்த அடிக்குரலான கர்கிராப் பிரிவில் பரிசை வென்றார். 'ஜெங்கிஸ் ப்ளூஸ்' என்ற ஆவணப்படத்தில் அந்தக் காட்சிகள் உண்டு. நான் ஐந்து தடவை பார்த்துவிட்டேன், ஐந்து தடவையும் மூக்கை உறிஞ்சினேன்.

அந்நியப் பாட்டைத் தேடி நாம் போவது இருக்கட்டும். நம் பாட்டு யாருக்கோ அந்நியப் பாட்டாகப் போய்க்கொண்டிருப்பது தெரியுமா? 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. 27 இசைத் துண்டுகள். ஜாவாவின் கமலான், ஜார்ஜியாவின் கூட்டுப்பாட்டு, பாக், சக் பெர்ரி, நடுவே நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர். போடத் தெரியாதவர்கள் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று ஊசியும் சேர்த்து அனுப்பி, எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று உறைமேல் படமும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கலத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் நினைவகத்தையும் கூட்டினால் சுமார் 70 கிலோபைட். உங்கள் பெரியப்பா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூ 'காலை வணக்கம்' அதற்குள் அடங்காது!

வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. கேசர்பாய் காலமானது செப்டம்பர் 16. பதினோரு நாள். குரல் அதற்குள் நிலாவைத் தாண்டி எங்கோ போய்விட்டிருந்தது.