கிளெண்டோவீரும் கந்தருவரும்

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சௌதே (1774–1843) இயற்றிய 'கெகாமாவின் சாபம்' என்னும் காப்பியம் 1810-இல் வெளிவந்தது. கதைக்களம் இந்தியா, எனினும், இந்நாட்டைக் கண்டறியாத கவிஞர் நூல்வழி அறிந்தவற்றைக்கொண்டு படைத்த கற்பனையுலகே அது. அதனுள் 'கிளெண்டோவீர்' எனப்படும் சிறகுடைய வானவர் இனம் ஒன்று வருகின்றது. அவ்வினத்தானாகிய எரீனியா, லதுர்லாத் என்னும் உழவனின் மகள் கைலியாளைக் காத்து, அவள்பால் அன்பு பூண்கின்றான். இவ்வினத்தின் பெயரும் வடிவும் எவ்வாறு அமைந்தன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. பெயர்

பிரெஞ்சு அறிஞர் பியர் சொன்னெரா, 1774 முதல் 1781 வரை தாம் மேற்கொண்ட பயணங்களை 1782-இல் நூலாக்கினார். அந்நூலில் அவர் 'கிராந்தூவேர்' என்று எழுதிய சொல்லையே சௌதே 'கிளெண்டோவீர்' எனத் திரித்துக்கொண்டார். அச்சொல் 'கந்தருவர்' என்பதன் சிதைவு என்பர். காப்பியத்தில் வரும் 'யமென்' என்னும் வடிவின் னகர ஈறு, தமிழ் வழக்காகிய 'யமன்' என்பதனோடு ஒத்துள்ளது. 'மாரியாட்டலி' என்னும் தெய்வப் பெயர் மாரியாத்தாளை நினைவூட்டுகின்றது. சோழமண்டலக் கரையில் வழங்கிய சொற்கள் பிரெஞ்சு வழியே ஆங்கிலக் காப்பியத்துள் புகுந்தமைக்கு இவை சான்றாகும்.

2. சிறகு

பெயர் இங்கிருந்து சென்றதாயினும் சிறகு இங்கிருந்து சென்றதன்று. ராபர்ட் பால்டாக் எழுதிய 'பீட்டர் வில்கின்சு' (1751) என்னும் புதினத்தில் பறக்கும் மாந்தர் இனம் ஒன்று உண்டு. அவர்தம் சிறகு இறகால் ஆனதன்று. உடலோடு பிறந்த மெல்லிய தோற்படலம். மடக்கியபொழுது ஆடைபோல் உடலைச் சூழ்வது. எரீனியாவின் சிறகும் கழுத்து முதல் கணுக்கால்வரை படர்ந்த அத்தகைய படலமே. இக்கடனைச் சௌதே தம் குறிப்பிலேயே ஒப்புகின்றார்.

3. தமிழ் மரபு

தொல்காப்பியர் களவொழுக்கத்தைக் கந்தருவர் மணத்தோடு ஒப்பிடுங்கால் அவரை யாழொடு சார்த்திக் குறித்தார், சிறகொடு சார்த்தினாரல்லர். மணிமேகலையில் விஞ்சை மகளாகிய காயசண்டிகை, முனிவர் சாபத்தால் வான்வழிச் செல்லும் மந்திரத்தை மறந்து மண்ணில் தங்குகின்றாள். பறத்தல் இங்கு உறுப்பின் தொழிலன்று, மந்திரத்தின் ஆற்றல். உறுப்பாயின் அதனை மறத்தல் இயலாதன்றோ?

எரீனியா சிறைப்பட்டிருந்த கடலடி நகராகிய 'பாலி'க்குச் சௌதே மாமல்லபுரத்தைப் பற்றிய செய்திகளையே அடிப்படையாகக் கொண்டார். அவ்வூரில் 'அருச்சுனன் தவம்' எனப் பெயர்பெற்ற பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில் வானவர் இணை இணையாகப் பறக்கின்றனர். அவர்க்குச் சிறகில்லை, மடங்கிய காலும் முன்னோக்கிய உடலுமே பறத்தலை உணர்த்துகின்றன. பறவைக் கால் உடையாராகச் செதுக்கப்பெற்ற கின்னரர் வேறினத்தார்.

4. முடிவு

எனவே, கிளெண்டோவீரைக் கந்தருவரின் மொழிபெயர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது; இந்தியப் பெயரும் ஆங்கிலப் புதினத்தின் உடலும் கூடிப் பிறந்த புதிய இனம் அது. அதனைக்கொண்டு நம் கந்தருவர்க்குச் சிறகு கற்பித்தல் எவ்வாறு தவறோ, சிறகு உண்மையால் அக்காப்பியத்தின் தமிழ்த் தொடர்பை மறுத்தலும் அவ்வாறே தவறாம். ஒப்பிலக்கியம் பயில்வார் பெயர் வந்த வழியையும் பண்பு வந்த வழியையும் தனித்தனியே ஆராய்ந்து துணிதல் வேண்டும்.