காய்ந்த படிக்குள் ஈரம்



மருந்து கொடுக்கிற ஆளுக்கு மரப்படியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. கால் சுளுக்கு, மணிக்கட்டு முறிவு, பாதத்தில் ஆணி என்று டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களில் பல பேர் விழுந்த இடம் காடு அல்ல, சொந்த வீட்டு வாசல். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு ஓடுகிறவர் படியைப் பார்த்தா கால் வைக்கிறார்? நேற்றுத் தாங்கியது, இன்றைக்கும் தாங்கும் என்று இறங்குகிறார்.

பெரும்பாலான தோட்டங்களில் இப்போது கல் வீடு வந்துவிட்டது. ஆனாலும் தூண் மேல் நிற்கும் பழைய பலகை வீடுகளும் அவற்றின் வெளிப்படிகளும் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

மழைக் காலத்தில் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறதல்லவா? அது ஒரு காளான். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில், காற்றுப் படாத மடிப்பில் வளரும். மரத்தை உளுக்க வைப்பதும் காளான் கூட்டம்தான். சேற்றுப்புண் தோலைத் தின்கிறது, இது மரத்தின் நாரைத் தின்கிறது. இரண்டுக்கும் தேவை ஈரம். மரத்தின் காய்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே ஈரம் இருந்தால் இந்தக் காளான் வளராது. நம் நாட்டில் கூரைக்குள் இருக்கும் பலகை சாதாரணமாக அந்த அளவுக்குக் கீழேதான் நிற்கும். அதனால்தான் வீட்டுக்குள் தரைப்பலகை தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது, வெளியே படி மட்டும் அடிக்கடி போகிறது.

ஆங்கிலத்தில் இதை 'டிரை ரோட்', அதாவது உலர்ந்த அழுகல் என்பார்கள். பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. பலகை பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, தொட்டால் பொடியாக உதிரும்போது காய்ந்த மாதிரி தெரியும். ஆனால் காளான் தின்றது ஈரமாக இருந்தபோதுதான். அந்தப் பெயருக்கு உரிய காளான், செர்புலா லக்ரிமன்ஸ், குளிர் நாட்டுச் சரக்கு. ஏறக்குறைய 20 டிகிரிக் குளிர்ச்சியில்தான் அது நன்றாக வளரும், நம் வெயில் அதற்கு ஆகாது. இங்கே நம் படியைத் தின்பது வேறு காளான்கள். வேலை ஒன்றுதான்.

எங்கே ஆரம்பிக்கும்? படியின் நடுவில் அல்ல. பலகையின் வெட்டிய முனையைப் பாருங்கள். மரம் என்பது நுண்ணிய குழாய்களைக் கட்டி வைத்த மாதிரி. முனையில்தான் அந்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. மழைத் தண்ணீர் பலகையின் முகத்தில் வழிந்து போகும், முனையில் உறிஞ்சிக்கொள்ளும். அந்த முனை பக்கக் கட்டையோடு ஒட்டியிருந்தால் காற்றும் போகாது. பிறகு ஆணித் துளை. பிறகு படியின் அடிக்கால், மண்ணில் ஊன்றியிருந்தால். நாம் அடிக்கும் பெயிண்டும் சில சமயம் எதிரிதான். ஈரப்பலகை மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வழுக்காமல் இருக்க ஆணி அடித்துப் போடும் கோணிச்சாக்கு அதைவிட மோசம். நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, கீழே நடப்பதையும் மறைத்துவிடும். படியில் வைக்கும் துளசிச் சட்டியும் அப்படியே. சாமி கோபிக்காது, இறக்கித் தரையில் வையுங்கள்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மரத்தின் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளேயே அதன் பலத்தில் பாதிக்கு மேல் போயிருக்கக்கூடும். கண்ணுக்குப் பலகை முழுசாகத்தான் தெரியும். அதனால் பார்த்தால் போதாது, குத்திப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்குரு டிரைவரைப் பலகை முனையிலும் ஆணிப் பக்கத்திலும் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாகக் கிளம்பும், உளுத்த மரம் 'பொட்'டென்று குட்டையாக உடையும். உள்ளே மண்ணும் வெளியே மண் குழாயும் தெரிந்தால் அது கரையான். ஈரம் இருக்கும் இடத்துக்கு இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

மாற்றும்போது செங்கால் மரத்தின் வைரப்பகுதி கிடைத்தால் நல்லது. எந்த மரமானாலும் வெள்ளைப்பகுதி நிற்காது. மெராந்தியும் ரப்பர் பலகையும் மருந்து ஏற்றாமல் வெளிப்படிக்கு உதவாது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி, முன்பக்கம் சற்றே சரிவு, அடிக்காலுக்குக் கீழே சிமெண்டுக் கட்டை, இவ்வளவு இருந்தால் தண்ணீர் தங்காது. கழிவு எஞ்சின் எண்ணெய் பூசாதீர்கள். அது வழுக்கும், தோலுக்கும் கெடுதல்.

இது உங்கள் கைச்செலவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு கொடுக்கிற முதலாளிதான் அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். எத்தனையாவது படி, எந்தப் பக்கம் என்று எழுதி ஆபீசில் கொடுங்கள். ஒரு நகலைத் தோட்டக் கமிட்டியிடமும் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

யாராவது விழுந்துவிட்டால்: வயசான பாட்டி, தாத்தா எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும். நிற்க வைத்துப் பார்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணி குத்தினால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

கழற்றிய பழைய பலகை விறகாகுமே என்று அடுப்படிக்குக் கொண்டு போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே பச்சை நிறம் ஏறியிருந்தால் அது மருந்து ஏற்றிய பலகை, ஆர்சனிக் விஷம் கலந்ததாக இருக்கலாம். அதை எரித்துச் சமைக்கக் கூடாது, வெந்நீர் போடவும் கூடாது. அதன் சாம்பலால் பாத்திரம் விளக்காதீர்கள், வெண்டைச் செடிக்கும் போடாதீர்கள்.