இதய நோயாளிக்கும் கை, கால் பலம் வேண்டும்

"ஹார்ட் அட்டாக் வந்தவங்க ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது." எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இப்படிச் சொல்லாத வீடு இல்லை. அந்தக் காலத்தில் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1952-ல் லெவின், லௌன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்து, அது நல்லதே என்று எழுதினார்கள். 2000-ல் அமெரிக்க இதய சங்கம், உடல்நிலை சீரான இதய நோயாளிகள் லேசான எடைப் பயிற்சியும் செய்யலாம் என்றது.

ஏன் என்கிறீர்களா? படுத்தே கிடந்தால் சதை கரையும். பலம் குறைந்த உடம்போடு ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலும் இதயம் அதிகம் உழைக்க வேண்டும். தசை பலப்பட்டால், அதே வேலைக்கு நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் அவ்வளவு ஏறாது.

என் மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் நாள் பூரா குனிந்து நிமிர்ந்தவர், இரண்டு மாதத்தில் தரையிலிருந்து தானாக எழ முடியாமல் போனார். "நான் இனிமே உங்களுக்குப் பாரம்தானே?" என்பார். டாக்டர் பரிசோதித்துச் சம்மதித்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தது இவ்வளவுதான்:

* முதலில் ஐந்து நிமிடம் மெதுவான நடை.
* நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை.
* வாரத்தில் இரண்டு, மூன்று நாள். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு.
* மூச்சை அடக்கி முக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.
* பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது.

மூன்றாம் மாதம், "அத்தை, கை கொடுக்கட்டுமா?" என்றால், "வேண்டாம், தள்ளு" என்று தானே எழுந்துவிட்டார்!

பைபாஸ் ஆனவர்கள் மட்டும் கவனம். நெஞ்செலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ! ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள் இந்தப் பயிற்சியில் இறங்கவே கூடாது. நடுவில் நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். வலி ஓயாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரவும் ஏற்பாடு செய்தார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கணவர், மாமனார் என்றால் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். நம் வீட்டுப் பெண்களுக்கோ, "அடுப்படி வேலையே போதாதா?" என்று விட்டுவிடுகிறோம். அடுத்த செக்கப்பில், "இவங்க எடைப் பயிற்சி செய்யலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்.