கடையை அடைத்தும் அடங்காத கம்ப்யூட்டர்

பெரியகுளம் கடைவீதியில் இரவு ஒன்பதரை மணி. கல்லாவை எண்ணியாயிற்று, வாசலில் இருந்த மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டாயிற்று. ஷட்டரை இறக்க வேண்டியதுதான் பாக்கி. மேஜை மேல் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் மட்டும் அணைய மறுக்கிறது. ஷட் டவுன் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகியும் திரை கருப்பாக நிற்கிறது, உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கிறது. "முதலாளி, பிளக்கைப் பிடுங்கிரவா?" என்று பையன் கேட்கிறான்.

நாமும் ஒருநாள் "சரி" என்று சொல்லிவிட்டோம். மறுநாள் காலையில் கணக்குக் கோப்பு திறக்கவில்லை. முதல்நாள் மதியம் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு மீட்டோம். ஆனால் மதியத்துக்குப் பிறகு எழுதிய கடன் பற்று ஒன்றுகூட அதில் இல்லை. கடன் வாங்கியவரிடமே போய், "நேற்று எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டு எழுத வேண்டியதாயிற்று. அந்த நிலை நம் உறுப்பினர் எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

லினக்ஸ் நம் கடைக்கு வந்த வழி

லினக்ஸ் என்பது பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி வைத்த இலவச மென்பொருள். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் இதைக் கொண்டு 'பாஸ்' என்ற இந்தியப் பதிப்பை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் அது பல வீடுகளுக்குள் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கி எறிய மனமில்லாதவருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை கைகொடுக்கின்றன. செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் பழக்க வழக்கங்களை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிட்டாவும் பேரேடும்

கம்ப்யூட்டர் அணைவதும் நாம் கடை அடைப்பதும் ஒன்றே. வியாபார மும்முரத்தில் சிட்டாவில் கிறுக்கி வைத்ததை இரவில் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தானே விளக்கை அணைக்கிறோம்? கம்ப்யூட்டரும் நாம் தட்டச்சு செய்வதை உடனுக்குடன் டிஸ்கில் எழுதிவிடுவதில்லை. வேகத்துக்காகச் சிறிது நேரம், சில சமயம் அரை நிமிடம் வரைகூட, நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதுகிறது. ஷட் டவுன் கொடுத்ததும் ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பாக்கியை எழுதி முடித்து, டிஸ்கைப் பூட்டிவிட்டு, கடைசியில் மின்சாரத்தை நிறுத்துகிறது. நடுவில் பிளக்கைப் பிடுங்குவது, பேரேடு எழுதிக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளையின் கையிலிருந்து நோட்டைப் பறிப்பதற்குச் சமம்.

இன்றைய லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் 'எக்ஸ்ட் 4' என்ற அமைப்பு, தானே ஒரு சிட்டா வைத்துக்கொள்கிறது. மின்சாரம் திடீரென்று போனாலும், மறுபடி இயங்கும்போது அதைப் பார்த்து டிஸ்கின் கட்டமைப்பைச் சரிசெய்துவிடும். ஆனால் அது காப்பது அலமாரியைத்தான். அலமாரிக்குள் பாதி எழுதிய நோட்டுக்கு அது பொறுப்பேற்காது.

அணையாததற்குக் காரணங்கள்

அணைக்கும்போது கீபோர்டில் எஸ்கேப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சின்னப் படம் மறைந்து எழுத்துகள் தெரியும். 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று தொடங்கும் வரி நின்றுகொண்டிருந்தால், ஏதோ ஒரு நிரல் முடிய மறுக்கிறது என்று பொருள். எந்த நிரல் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு நிரலுக்கு 90 விநாடி அவகாசம் தரப்பட்டிருக்கும். அதன்பின் லினக்ஸே அதை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். ஆகவே இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தாலே பாதித் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும்.

கடைகளில் இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ரவுட்டரை முதலில் அணைப்பது. கிடங்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரின் கோப்புகளை நெட்வொர்க் வழியாக இணைத்திருந்தால், அந்த இணைப்பை முறையாக விடுவிக்க முயன்று பதில் வராமல் நம் கம்ப்யூட்டர் காத்துக் கிடக்கும். கம்ப்யூட்டர் அணைந்த பிறகே ரவுட்டரை அணைக்க வேண்டும்.

இரண்டாவது, பென் டிரைவ். நகல் எடுத்து முடிந்ததாகத் திரை சொன்னாலும் எழுதும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு கழற்றுங்கள். அதன் பின்னரே ஷட் டவுன்.

மூன்றாவது, பில் போடும் மென்பொருளுக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம். மாங்காய் சீசனில் மண்டிக் கணக்கு கூடும்போது, முடித்து வைக்கவும் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். "90 விநாடியை 10 ஆகக் குறைத்துவிடுகிறேன்" என்று மெக்கானிக் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். அந்த அவகாசம் நம் கணக்குக்குத்தான். எந்த நிரல் தாமதிக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முந்தைய ஓட்டத்தின் 'ஜர்னல்' பதிவைப் பார்த்தால் அவருக்கு விவரம் கிடைக்கும்.

எல்லா நிரலும் நின்று, திரையும் அணைந்து, காற்றாடி மட்டும் ஓடினால் கோளாறு வேறு. லினக்ஸ் வேலையை முடித்துவிட்டது, மின்சாரத்தை நிறுத்தும் கட்டளை மதர்போர்டில் நிறைவேறவில்லை. லினக்ஸின் கெர்னலைப் புதுப்பிப்பது, பயாஸைப் புதுப்பிப்பது, திரைக்கான டிரைவரை மாற்றுவது ஆகியவை இதற்கு வழிகள். இது மெக்கானிக்கின் வேலை.

பிடுங்கும் முன் படிப்படியாக

இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தும் அணையவில்லையா? டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் இன்னும் பொறுங்கள், எழுதும் வேலை நடக்கிறது. ஷட் டவுன் தொடங்காமலே திரை உறைந்திருந்தால், பவர் பொத்தானை ஒருமுறை மட்டும் தொட்டு விடுங்கள். அது முறையாக அணையச் சொல்லும் கட்டளை. நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால்தான் வலுக்கட்டாயம்.

அதற்கும் அசையாவிட்டால் உபுண்டு, டெபியன் வகைகளில் ஓர் அவசர வழி உண்டு. ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் ஆகிய இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சில விநாடி இடைவெளி விட்டு எஸ், யு, ஓ என்ற எழுத்துகளை வரிசையாகத் தட்டுங்கள். எஸ் என்றால் பாக்கியை எழுது, யு என்றால் டிஸ்கைப் பூட்டு, ஓ என்றால் அணை. இதற்கும் பணியாவிட்டால் மட்டுமே பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கும் பேச்சே வேண்டாம்.

அப்படி அணைத்துவிட்டால், மறுநாள் காலையில் டிஸ்கைச் சோதிக்கும் வேலை நடக்கும். அதைக் குறுக்கிடாதீர்கள். கம்ப்யூட்டர் வந்ததும் முந்தைய நாளின் கடைசிப் பத்துப் பில்களை அச்சிட்ட நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால் அன்றே எழுதிவிடுங்கள். கோப்பில் எழுத முடியாமல் 'ரீட் ஒன்லி' என்று வந்தால் வேலையை நிறுத்தி, முதலில் நகல் எடுங்கள்.

கணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது "கம்ப்யூட்டர் அணையவில்லை, பிளக்கைப் பிடுங்கினோம்" என்று சொல்ல முடியாது.

ஆகவே உறுப்பினர்கள் இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டி வைக்கலாம்: பில் மென்பொருளை மூடு, நகல் எடு, பென் டிரைவைக் கழற்று, ஷட் டவுன் கொடு, முழுதும் அணைந்த பின் ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் அணை. ஷட்டர் கடைசியில். மூன்று நிமிடப் பொறுமை, மறுநாள் வாடிக்கையாளர் முன் தலைகுனிவதைத் தவிர்க்கும்.