நாற்றின் வயதும் நாளைய வேலையும்

முற்றிய நாற்றை நடும் குடியானவர் யாவரும் சோம்பேறிகள் அல்லர். சேற்றுழவு, வரப்பு வெட்டுதல், நடவுக் கூலி முதலிய சிரமங்கள் இன்றே கண்முன் நிற்கின்றன. தாமதத்தின் நஷ்டமோ அறுவடைக் களத்திலேதான் தெரியவரும். கண்ட சிரமத்திற்கு அஞ்சிக் காணாத நஷ்டத்தை ஏற்பது மனித சுபாவம். ஒத்திப்போட்டவுடன் மனம் இலேசாவதால் அவ்வழக்கம் மேலும் வேரூன்றுகிறது.

பயிரோ எவருக்காகவும் காத்திராது. சுமார் 105 நாள் வயதுடைய குறுகியகால நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாட்களிலும், சுமார் 130 நாள் வயதுடைய மத்தியகால நெல்லின் நாற்றை 25 முதல் 30 நாட்களிலும் பிடுங்கி நடல் வேண்டும். தவறினால் நாற்றங்காலிலேயே கணு விடும். நட்டபின் தூர் குறையும். கதிர் சிறுத்து முன்னதாகவே வெளிவரும். அப்பொழுது குத்துக்கு நாற்றுகளைக் கூட்டி நெருக்கி நட்டாலும் நஷ்டம் ஓரளவே ஈடாகும்.

பரிகாரம் எளிது. விதைக்கும் நாளிலேயே நடவுத் தேதியைக் குறித்து, உழவுக்கும் நடவுக்கும் ஆட்களிடம் சொல்லிவைத்தல் நலம். முழு வேலையும் மலைப்பைத் தருமாயின், முதலில் ஒரு வயலின் வரப்பை மட்டும் வெட்டுக. தொடங்கிய வேலை அடுத்ததைத் தானே இழுத்துக்கொள்ளும். வாய்க்காலில் நீர் விடும் தேதியைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே தெரிவிப்பார்களாயின், தாமதத்திற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று நீங்கும்.