நிதி ஆய்வுத் துறையின் முதற்படி

முகாமைத்துவம், வர்த்தகம், பொருளியல் ஆகிய துறைகளில் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் யுவதிகளை ஈர்த்துவரும் உத்தியோகங்களுள் நிதி ஆய்வு உதவியாளர் பதவியும் ஒன்றாகும். கொழும்பிலுள்ள பங்குத் தரகு நிறுவனங்களில் மட்டுமன்றி, வெளிநாட்டு வங்கிகளுக்கும் முதலீட்டு நிதியங்களுக்கும் ஆய்வுப் பணி செய்து கொடுக்கும் நிறுவனங்களிலும் இப்பதவி உண்டு. 2000களின் முற்பகுதியிலிருந்து இத்தகைய நிறுவனங்கள் இங்கு இயங்கி வருகின்றன. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது கவர்ச்சி மிக்க தொழிலாகத் தோன்றும். உள்ளே சென்றவர்களுக்கோ அதன் ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

முதலாவது ஆண்டில் ஆய்வாளர் செய்யும் பணியின் பெரும்பகுதி கணக்கறிக்கைகளை வாசிப்பதும், ஐந்தொகை, வருமானக்கூற்று, காசுப்பாய்ச்சல் ஆகியவற்றிலுள்ள எண்களைக் கணினி அட்டவணையில் பதிவதும், அவற்றைக் கொண்டு எதிர்கால இலாபத்தை மதிப்பிடுவதுமேயாகும். கொழும்புப் பங்குச்சந்தையில் பதிவு பெற்ற கம்பனிகள் முதல் மூன்று காலாண்டுகளுக்கான இடைக்கால அறிக்கைகளை, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். கடைசி நாட்களில் அறிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும்போது இரவு பகல் என்ற வேறுபாடு மறைந்துவிடும்.

வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் பணிபுரிவோரின் நிலை இன்னும் கடினமானது. நியூயோர்க் சந்தை திறக்கும்போது இங்கு இரவு 7 மணி. அங்கு குளிர்காலமாயின் 8 மணி. அது மூடிய பின்னரே அமெரிக்கக் கம்பனிகள் பல தமது பெறுபேறுகளை அறிவிக்கின்றன. அப்போது கொழும்பில் அதிகாலை ஒன்றரை மணி கடந்திருக்கும். வீடு திரும்பும் போக்குவரத்து, குடும்பக் கடமைகள், உடல்நலம் ஆகியன யாவும் இந்தக் கடிகாரத்துக்கு அடங்கிப்போக வேண்டியுள்ளன. இத்தனைக்கும், அறிக்கையின் முகப்பில் பெரும்பாலும் மூத்த ஆய்வாளரின் பெயரே முதன்மை பெறும்.

அவ்வாறாயின் இத்தொழிலில் உள்ள பயன் யாது? எண்ணை நம்பாமல் வினவும் பழக்கமே அது. ஓர் எளிய உதாரணத்தைப் பார்ப்போம். 50 மில்லியன் பங்குகளைக் கொண்ட ஒரு கம்பனி 100 மில்லியன் ரூபா இலாபம் காட்டுகிறது என்று கொள்வோம். பங்கொன்றின் உழைப்பு 2 ரூபா. பங்கின் விலை 20 ரூபாவாயின், அது உழைப்பின் 10 மடங்கு, மலிவானதாகவே தோன்றும். ஆனால் அந்த இலாபத்தில் 40 மில்லியன் ரூபா, காணியொன்றை விற்றதால் ஒருமுறை மட்டும் கிடைத்தது என்பதைக் கணக்குக் குறிப்புகளில் இளம் ஆய்வாளர் கண்டுபிடிக்கிறார். அதனை நீக்கினால் பங்கொன்றின் உழைப்பு 1 ரூபா 20 சதமே. வரி விளைவைத் தவிர்த்துப் பார்த்தாலும் அதே விலை ஏறத்தாழ 17 மடங்காகிவிடும். ஓய்வூதியச் சேமிப்பை அப்பங்கில் இட எண்ணியவருக்கு இந்த ஒரு குறிப்பு எத்தகைய பாதுகாப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நேர்மை தவறினால் நேர்வது என்ன என்பதையும் உலகம் கண்டுள்ளது. பங்கு வெளியீடுகளால் கிடைக்கும் வருமானத்துக்காக ஆய்வு அறிக்கைகளைச் சாதகமாக வளைத்தமை தொடர்பான குற்றச்சாட்டுகளில், 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் 10 பெரும் முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 1.4 பில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டன. மதிப்பீட்டின் எல்லையை நமது நாடும் அறியும். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் பங்குச்சந்தை ஐந்து நாட்கள் மூடப்பட்டது. ரூபாவின் பெறுமதியும் வட்டி வீதமும் நிலையாக இருக்குமென்று கருதிச் செய்யப்பட்ட மதிப்பீடுகள் பயனற்றுப் போயின. எடுகோள் உடைந்தால் எண்ணும் உடையும் என்பது அவ்வாண்டு தந்த பாடம்.

இன்று இத்தொழிலின் முதற்படிக்கே சோதனை வந்திருக்கிறது. அறிக்கைகளிலிருந்து எண்களைத் திரட்டுவதையும் முதல் வரைவை எழுதுவதையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் செய்கின்றன. செலவு குறைகிறது என நிறுவனங்கள் மகிழலாம். ஆயினும் சலிப்பூட்டும் அந்தப் பணியிலேதான் இளையவர் பிழையை இனங்காணக் கற்றனர். முதற்படியை அகற்றிவிட்டால் நாளைய மூத்த ஆய்வாளர் எங்கிருந்து வருவார்? இயந்திரம் தரும் விடையைச் சரிபார்க்கும் பொறுப்பை இளையவரிடம் ஒப்படைத்து, அதற்கான பயிற்சியையும் நேரத்தையும் வழங்குவதே நிறுவனங்களின் கடமையாகும்.

தமிழ் மொழிமூலம் கற்ற நமது மாணவர்களுக்கு மற்றொரு தடையும் உண்டு. கணக்கியலில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களல்லர். ஆயினும் இத்துறையின் அறிக்கைகளும் நேர்முகப் பரீட்சைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. பட்டம் பெற்றபின் இதனைச் சீர்செய்ய முயல்வது காலந்தாழ்ந்த வேலை. உயர்தர வர்த்தகப் பிரிவில் பயிலும் காலத்திலேயே மாதமொரு கம்பனியின் ஆண்டறிக்கையை, அதன் குறிப்புகள் உட்பட, ஆங்கிலத்தில் வாசிக்கப் பழக்கலாம். கொழும்புப் பங்குச்சந்தையின் இணையத்தளத்தில் அவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதனைத் தொடங்குவதற்கு ஓர் ஆசிரியரும் ஆர்வமுள்ள சில மாணவர்களும் போதும்.