கம்ப்யூட்டருக்குள் தண்டச் சம்பளம்!

காலையில் ஆபீஸுக்குப் போய் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். கேன்டீனில் டீ குடித்து, நேற்றைய மேட்சுக்காக நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாலும், அது இன்னும் 'இதோ வந்துட்டேன்' என்று வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. திட்டாதீர்கள் சார். உள்ளே கூட்டம் அதிகம்!

விண்டோஸ் கிளம்பும்போதே, நம்மைக் கேட்காமல் பின்னணியில் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் புரோகிராம்களுக்கு 'சர்வீஸ்' என்று பெயர். விண்டோஸ் கீயையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் 'சர்வீசஸ்', ஒரு புள்ளி, 'எம்எஸ்சி' என்று டைப் செய்தால் (படிப்பு இல்லை, ஃபைலின் வால்!) மஸ்டர் ரோல் மாதிரி ஒரு பட்டியல் விரியும். பார்த்தால் தலை சுற்றும். 'இத்தனை பேருக்கா தீனி போடறோம்?' என்று கை துறுதுறுக்கும்.

அங்கேதான் ஆபத்து.

எனக்குத் தெரிந்த அக்கவுண்டன்ட் ஒருவர் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஆள் குறைப்பு' செய்தார். பிரிண்ட் ஸ்பூலர் என்று ஒரு பெயர். 'இது யார்றா ஸ்பூலர்?' என்று டிஸேபிள் செய்துவிட்டார். மாசக் கடைசியில் பே ஸ்லிப் ஒன்றுகூட வரவில்லை. கேபிளை மாற்றினார்கள், பிரிண்டரையே மாற்றினார்கள். அச்சுக்குப் போகும் காகிதங்களை வரிசைப்படுத்தும் ஆளே அந்த ஸ்பூலர்தான் என்று தெரிய சாயங்காலம் ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 2021 ஜூலையில் அதே ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை தெரிந்தபோது, அதை நிறுத்தி வைப்பது ஒரு தற்காலிக வழி என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஆக, பிரிண்டர் இல்லாத வீட்டில் அது தண்டம், ஆபீஸில் உயிர்நாடி. 'இதையெல்லாம் நிறுத்து' என்று யாராவது தரும் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நான் பி.காம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: தப்பான என்ட்ரியை அழிக்காதே, எதிர் என்ட்ரி போடு. சர்வீஸுக்கும் அதே சட்டம்தான். டெலிட் கட்டளை கொடுத்துத் துரத்திவிட்டால் திரும்ப அழைப்பது பெரும்பாடு. 'மேனுவல்' என்று மாற்றினால் போதும். தேவைப்படும்போது கூப்பிட்டால் வரும். ஏற்கெனவே மேனுவலில் தூங்குகிறவற்றைத் தொடவே வேண்டாம். 'ஆட்டோமேடிக்' ஆசாமிகளை மட்டும் பாருங்கள்.

முதலில் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். மிச்சம் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். எப்போதோ போட்டு மறந்த சாஃப்ட்வேர்களின் எடுபிடிகள் அதில் இருக்கும். அந்த சாஃப்ட்வேரே வேண்டாம் என்றால் அதை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். எடுபிடியும் பொதுவாகக் கூடவே போய்விடும். ஆன்ட்டி வைரஸும் அந்தக் கும்பலில்தான் நிற்கும், ஜாக்கிரதை!

மற்றவற்றை ஒரு நாளைக்கு ஒன்று மட்டும். பெயரை டபுள் கிளிக் செய்து 'டிபென்டன்சீஸ்' பாருங்கள். கீழ்க்கட்டத்தில் பெயர்கள் இருந்தால், அவர்களெல்லாம் இவரை நம்பிப் பிழைப்பவர்கள். கை வைக்காதீர்கள். பழைய செட்டிங்கை நோட்டில் எழுதி, மேனுவலாக்கி, ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நாள் வேலை பாருங்கள். கோளாறு வந்தால், யார் காரணம் என்று உடனே தெரியும்.

விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதெல்லாம் சொந்தக் கம்ப்யூட்டரில். ஆபீஸ் மெஷின் என்றால், சிஸ்டம் பார்க்கிறவரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். இன்னொரு விஷயம், இத்தனை செய்தாலும் கம்ப்யூட்டர் ராக்கெட் ஆகிவிடாது. பல நேரம் தாமதத்துக்குக் காரணம் டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் இருக்கும் சாட், பாட்டு, கேம்ஸ் கூட்டம்தான். அவற்றை அங்கேயே தாராளமாக டிஸேபிள் செய்யலாம்.

ஆனால் அந்த நோட்டை மறக்காதீர்கள். நோட்டு இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். விண்டோஸைப் புதுசாகப் போட்டுக் கொடுக்க அந்த விலைக்கு யாரும் வரமாட்டார்கள்!